ஒரு நூல், இரண்டு ஊசி

தமிழில் நூல் என்றால் இழையும் ஆகும், ஏடும் ஆகும். பனுவல் என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. நன்னூலில் வரும் ஒரு பாட்டு, புலவன் நூல் செய்வதைப் பெண் நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறது. அங்கே சொல்தான் பஞ்சு; வாய்தான் கை; அறிவுதான் கதிர்; புலவன்தான் நூற்கும் பெண். மாணவர்களுக்கு அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். புலவனை நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டுப் பெருமைப்படுத்திய நாம், நூலோடு வாழும் பெண்ணைப் புலவருக்கு ஒப்பிட்டு என்றைக்காவது பெருமைப்படுத்தியிருக்கிறோமா?

அப்படி ஒருவரைப் பற்றித்தான் எழுதப் புகுகிறேன். அவர் என் மூத்த சகோதரி. வயது அறுபத்தாறு. ஓசூரில் வாழ்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்பளி நூலில் பின்னல் வேலை செய்து வருகிறார்.

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவுக்குப் பாவும் ஊடும் வேண்டும், தறி வேண்டும், தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். அந்த ஒரே நூலைக் கண்ணியாக்கி, கண்ணிக்குள் கண்ணியை நுழைத்துக்கொண்டே போனால் அது துணியாகிறது. இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் இருந்தால் அடுப்படியிலும் பின்னலாம். மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போதும் பின்னலாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்களின் கைக்கு இந்தக் கலை ஏன் வந்து சேர்ந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் சமவெளியில் பிறந்தவர்களுக்குக் கம்பளிச் சட்டை என்பது உதகைக்குப் போனால் வாங்கி வரும் பொருள். ஓசூர் அப்படியன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பது. மார்கழியில் விடியற்காலைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும் முதியவர்கள் காதை மூடிக்கொண்டுதான் போவார்கள். இந்தக் கிருஷ்ணகிரிச் சீமையில் குறும்பர் மக்கள் ஆடு மேய்த்து, அந்த ஆட்டு மயிரிலேயே கம்பளி நெய்து வந்தவர்கள். எனவே கம்பளி இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஊசியால் பின்னும் முறைதான் பின்னால் வந்தது.

அக்கா திருமணமாகி ஓசூர் வந்தது 1981இல். சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகம் அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்துவிட்டிருந்தன. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனம் பின்னால் வந்தது. மச்சான் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வாரம் பகல் முறை, ஒரு வாரம் இரவு முறை. கணவர் பகலில் உறங்கும் சிறிய வீட்டில், பாத்திரம் ஓசைப்படாமல் நாளைக் கழிக்க வேண்டிய இளம்பெண்ணுக்குத் துணையாக வந்தது இந்த ஊசி.

கற்றுக்கொடுத்தவர் அண்டை வீட்டில் இருந்த உருது பேசும் மூதாட்டி. ஓசூரில் ஒரே தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒலிக்கும். அந்த மூதாட்டிக்குத் தமிழ் வராது. அக்காவுக்கு அப்போது உருது வராது. 'சீதா', 'உல்டா' என்னும் இரண்டு சொற்களே அவர்களுக்கிடையே பாலமாயின. நேராகக் குத்தி எடுக்கும் கண்ணி சீதா. புறமாகத் திருப்பி எடுக்கும் கண்ணி உல்டா. உலகத்துப் பின்னல் கோலங்கள் எல்லாம் இந்த இரண்டின் சேர்க்கைதான். நான் மாணவர்களுக்கு எழுத்திலக்கணம் சொல்லும்போது உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைச் சொல்கிறேன். அக்காவின் இலக்கணத்தில் எழுத்தே இரண்டுதான்.

அவர் அளவுநாடா வைத்துக்கொள்வதில்லை. குழந்தையைக் கையில் தூக்கி, மார்பைச் சாணால் அளந்து, இத்தனை கண்ணி என்று மனத்தில் போட்டுக்கொள்வார். இடுப்புப் பட்டைக்குச் சீதா ஒன்று, உல்டா ஒன்று என மாற்றி மாற்றிப் போட்டால் அது ரப்பர்போல் இழுபடும். ஒரு வயதுக் குழந்தையின் சட்டைக்கு இருநூறு கிராமுக்குள் நூல் போதும். நான்கைந்து நாளில் முடியும். பெரியவர்கள் சட்டைக்கு அரைக் கிலோ. இருபது நாள்கூட ஆகும். என் மக்தபுப் பிள்ளைகளுக்குத் தொப்பியும் அவர்தான் பின்னித் தருகிறார். அதற்கு இரட்டை ஊசி இல்லை. குரோஷா என்னும் கொக்கி ஊசி ஒன்று. உச்சியில் ஒரு சிறு வளையத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக விரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஓர் இன்பம். இரட்டை ஊசிப் பின்னலை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. உண்மையான குரோஷா வேலை மட்டும் இன்றளவும் கையைத்தான் நம்பியிருக்கிறது. எனவே கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் குரோஷாத் தொப்பியை வாங்கும்போது, யாரோ ஒரு பெண்ணின் இரண்டு நாள் நம் கையில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒருமுறை அவர் ஒரு பழைய சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டால் அந்தச் சட்டையை எறிவதில்லை. நுனியைக் கண்டுபிடித்து உருவினால் சரசரவென்று வரும். அந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, ஆவியில் காட்டிச் சுருக்கம் நீக்கி, வேறு நூலோடு சேர்த்துப் பெரிய சட்டையாகப் பின்னுவார்.

"தம்பி, நூற்ற நூலைப் பிரித்துப் போட்ட பெண்ணைக் குர்ஆனில் கண்டித்திருக்கிறது என்று நீதானே ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாய்? நான் பிரிக்கிறேனே, இது என்ன கணக்கில் சேரும்?" என்று கேட்டார்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். உறுதியாக நூற்றதைத் தானே துண்டு துண்டாக்கிக் கெடுத்த பெண்ணின் உவமை அங்கே வருகிறது. செய்த உடன்படிக்கையை முறிப்பவர்களுக்குச் சொன்ன உவமை அது. "அவள் கெடுப்பதற்காகப் பிரித்தாள், நீங்கள் காப்பதற்காகப் பிரிக்கிறீர்கள்" என்றேன். அதே அத்தியாயத்தில் சற்று முன்னால், 80ஆம் வசனத்தில், கால்நடைகளின் கம்பளியும் உரோமமும் முடியும் மனிதனுக்குப் பயன்படும் அருட்கொடைகளாகச் சொல்லப்படுவதையும் எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார். "இப்போது வரும் நூலில் ஆடு எங்கே இருக்கிறது? எல்லாம் அக்ரிலிக்" என்றார். உண்மைதான். கம்பளி என்ற பெயரில் இன்று கடையில் விற்கும் உருண்டைகளில் பெரும்பகுதி ஆலையில் செய்த செயற்கை இழையே.

பின்னலின் வரலாற்றைப் படித்தபோது நான் அறிந்த செய்தி ஒன்று நம்மவர்க்கு உவப்பானது. உலகில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல் துணிகள் முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்து எகிப்தைச் சேர்ந்தவை. நீலமும் வெண்மையும் கலந்த பருத்திக் காலுறைகள் அவை. ஸ்பெயின் நாட்டில் புர்கோஸ் நகரையடுத்த லாஸ் உவெல்காஸ் கன்னிமடத்தில், 1275இல் இறந்த காஸ்டிலிய இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையிலிருந்து பட்டு நூலால் பின்னிய தலையணை உறைகள் எடுக்கப்பட்டன. முஸ்லிம் கைவினைஞர் செய்த அந்த உறையில் 'பரக்கத்' என்னும் அரபுச் சொல் கூஃபி எழுத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. கிறிஸ்தவ இளவரசர் தம் இறுதி உறக்கத்தில் தலை வைத்தது முஸ்லிம் ஒருவர் பின்னிய பரக்கத்தின் மேல்!

எகிப்தியக் காலுறை ஒன்றில் அல்லாஹ் என்னும் திருப்பெயரை ஒத்த கோலம் இருப்பதையும் சொன்னேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டார்.

"காலில் போடுவதிலா?"

"அப்படித்தான் இருக்கிறது."

சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "பின்னியவருக்கு எழுத்துத் தெரிந்திருக்காது, தம்பி. அவருக்குக் கோலம்தான் தெரிந்திருக்கும். யாரோ தொப்பியிலோ திரையிலோ போட்டதைப் பார்த்துக் கண்ணியை எண்ணி எடுத்திருப்பார்."

என் படிப்பு எனக்குச் சொல்லாத விளக்கம் இது. கையால் செய்பவருக்கே இது தோன்றும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உல்டாக் கண்ணி பதினாறாம் நூற்றாண்டுக்கு முந்திய துணிகளில் தட்டுப்படவில்லை. 1562இல் இறந்த, புளோரன்ஸ் நகரத்து எலியனோரா என்னும் சீமாட்டியின் காலுறைகளில்தான் அது தெளிவாகக் காணப்படுகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589இல் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பட்டினி கிடப்பார்களே என்று கருதி முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பர். அந்த இயந்திரத்தின் வழிவந்தவைதாம் இன்று திருப்பூரில் இரவு பகலாகச் சுழல்கின்றன. திருப்பூர்ப் பனியன் தொழிலின் தொடக்கக் கதையில் குலாம் காதர் என்னும் பெயர் வருவதை நம் இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள்.

இனி அக்காவின் அரசியலுக்கு வருகிறேன். கை வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது. முன்பு வானொலி, இப்போது பேத்தி கைப்பேசியில் செய்தியை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. அது பெரும்பாலும் கட்சிக்காரர்களின் கருத்தாக இராது.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, பேருந்துகள் ஓசூரோடு நின்றன. மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு நடந்து எல்லையைக் கடந்தார்கள். அக்காவின் மகன் கைக்குழந்தையோடு அப்படித்தான் நடந்து வந்தான். அன்று அக்கா சொன்னது: "இங்கே சட்டை பின்னித் தரச் சொல்பவர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசுபவர்கள். தண்ணீர் கேட்டு நீதிமன்றம் போகட்டும். பேருந்தைக் கொளுத்தினால் ஆற்றில் தண்ணீர் கூடுமா?"

2023 ஏப்ரலில், ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுப் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். "கண்ணி எண்ணுகிறவளுக்குத் தெரியும், எட்டு மணி நேரத்துக்கு மேல் எண்ணினால் தப்புத்தான் வரும்" என்றார் அக்கா. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, தொகையைவிட அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. "உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று சொன்னார்களே" என்றார். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று பேரவையில் அறிவிப்பு வந்தது. எல்லாரும் நிலத்தின் விலையைப் பேசினார்கள். அவர் ஏரிகளைப் பற்றிக் கேட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, "திருப்பூரில் முதலில் வேலை போவது துணியை மடித்து அடுக்கும் பெண்களுக்குத்தான்" என்று வருந்தினார்.

இத்தனை தெளிவாகப் பேசும் பெண்ணை, வீடு வீடாக விவரம் எடுக்க வந்த ஓர் அலுவலர் "தொழில்?" என்று கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் வீட்டில் இருந்தவர்களே "ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்" என்றார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

இது ஓசூரின் ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. ஆந்திரத்து நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் நூல் வெளியிட்டார். அவர்களின் வேலை வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. அவர்களோ சும்மா இருக்கும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டார்கள் என்று அவர் காட்டினார். வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை.

கணக்கில் வராத உழைப்புக்குக் கூலி தராமல் விடுவதும் எளிது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடைக்காரர் நூல் கொடுத்து நாற்பது குழந்தைச் சட்டைகள் பின்னச் சொன்னார். பின்னி முடித்தபின், நிறம் மங்கல் என்று சொல்லிப் பாதிக் கூலிதான் தந்தார். நூலோ அவர் கொடுத்தது! வழக்குப் போட அக்காவிடம் என்ன சீட்டு இருக்கிறது?

சீட்டு இல்லை, ஆனால் ஒரு குறிப்பேடு இருந்தது. அது சென்ற ஆண்டுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது.

அக்காவின் மகள் வயிற்றுப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பட்டயப் படிப்பும் படித்தவள். கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆயிரமாயிரம் இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் காலம் இது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் முகமே இதனால் மாறிவருகிறது. பெண்ணின் தகப்பனார் சம்மதிக்கவில்லை. என்னை அழைத்து, "மாமா, நீங்கள் ஓதியவர்கள். பெண் பிள்ளை விடுதியில் தங்கி இரவு முறை வேலைக்குப் போவது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவருடைய அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவரின் அச்சம் அது. பேச்சின் இடையே அவர், "நம் வீட்டுப் பெண்கள் யார் வேலைக்குப் போனார்கள்? மாமி போனார்களா? சோற்றுக்குக் குறைவு வந்ததா?" என்றார்.

அக்கா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, ஓரம் கிழிந்த ஒரு நீண்ட குறிப்பேட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "படி தம்பி. இந்த வீட்டில் இதைப் படிக்க வேறு யாருக்கும் தெரியாது" என்றார்.

அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது அது. அக்கா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். எங்கள் நன்னியிடம் அரபு எழுத்தில் தமிழ் எழுதக் கற்றவர். 1983 முதல் பின்னிய ஒவ்வொரு சட்டையும், தொப்பியும், மஃப்ளரும், பச்சிளங்குழந்தைக்கான காலுறையும் அதில் இருந்தன. எடுத்த நூல், வந்த கூலி, வராத கூலி எல்லாம் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் செலவு. நான் உரக்கப் படித்தேன். ஆலையில் கதவடைப்பு நடந்த மாதங்களில் வாங்கிய அரிசி. மகனின் பள்ளிக் கட்டணம். மகளின் முதற்பேற்றுக்கு மருத்துவமனையில் கட்டிய பணம். அந்த இடத்துக்கு வந்தபோது மருமகன் தலை குனிந்தார். அந்தப் பேற்றில் பிறந்தவள்தான் எதிரே நின்றுகொண்டிருந்த பெண்.

அக்கா கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேத்தியிடம் நான்கு கேள்விகள் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? இரவில் வேலை முடிந்தால் விடுதி வரை வண்டி உண்டா? தொழுதுகொள்ள இடமும், பெருநாளுக்கு விடுப்பும் தருவார்களா? சம்பளம் யார் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும்? பேத்தி ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். கடைசி விடையைக் கேட்டபின் அக்கா மருமகனைப் பார்த்து, "என் பெயரில் ஒரு கணக்கு இருந்ததில்லை, இந்தக் குறிப்பேடுதான் இருந்தது. அவளுக்காவது கணக்கு இருக்கட்டும், மாப்பிள்ளை. நீங்களே ஒருமுறை போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

அவர் போய்ப் பார்த்தார். பெண் வேலையில் சேர்ந்தாள். வார விடுமுறையில் வரும்போது, நுண்ணிய பாகங்களைக் கையுறையோடு எடுத்து வைக்கும் வேலையில் தன் விரல்கள் தடுமாறுவதில்லை என்றும், அது நன்னியிடம் கண்ணி எடுத்துப் பழகியதன் பயன் என்றும் சொல்கிறாள். ஆனால் பின்னுவதற்கு அவளுக்கு நேரமில்லை. அக்காவுக்கோ கண்புரை அறுவை முடிந்தபின் கறுப்பு நூலில் கண்ணி தெரிவதில்லை. விரல் மூட்டுகள் குளிரில் வீங்குகின்றன. இந்தக் கை ஓய்ந்தபின் அந்தத் தெருவில் ஊசி எடுக்க ஆள் இருக்கமாட்டார்கள். அதற்காக அவர் புலம்புவதில்லை. "ஊசி போனால் போகிறது. வேலை செய்தவள் என்ற பெயர் போகக்கூடாது" என்பதே அவர் பேச்சு.

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் பொருளீட்டி அறம் செய்தவர்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஒரு பெண்மணி தம் கையாலேயே கரை வைத்து நெய்த போர்வையை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணலாருக்கு அது தேவையாகவும் இருந்தது, பெற்று உடுத்திக்கொண்டார்கள். பின்னர்த் தோழர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் அவரைக் கடிந்துகொண்டபோது, தம் கஃபனாக அமையட்டும் என்றே கேட்டதாகச் சொன்னார். அவ்வாறே அவருக்கு அது கஃபன் ஆயிற்று.

அந்தப் பெண்மணியின் பெயர் அந்த நபிமொழியில் இல்லை. ஆனால் 'தம் கையால்' என்னும் சொல் இருக்கிறது. போர்வையைக் கொடுக்கும்போது அதைத் தாம் கையால் நெய்ததாக அவரே எடுத்துச் சொன்னார், அண்ணலார் செவிமடுத்தார்கள், அறிவித்தவரும் அச்சொல்லை விடாமல் நமக்குச் சேர்த்தார். நம் வீடுகளில் தைப்பவர்களும் பின்னுபவர்களும் பீடி சுற்றுபவர்களும் பாய் முடைபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய கூலி வியர்வை உலர்வதற்குள் சேரட்டும். அவர்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். அடுத்த முறை யாராவது வாசலில் நின்று "தொழில்?" என்று கேட்டால், பதிலை அவர்களே சொல்லட்டும்.